கடல்நீர்த் தொட்டிக்கு வினிகர்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிவது

ஊறுகாய்க்கு வாங்குகிற அதே வெள்ளை வினிகர்தான். மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து தொட்டியில் சேரும் நைட்ரேட்டைக் குறைக்க மலிவான வழிகளில் இது ஒன்று. வோட்காவும் இதே வேலையைச் செய்யும், 1 மி.லி. வோட்காவுக்கு சுமார் 8 மி.லி. வினிகர் சமம். ஆனால் மீனுக்காக டாஸ்மாக்கில் நிற்பதாகச் சொன்னால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள்.

வினிகர் நைட்ரேட்டை நேரடியாக ஒன்றும் செய்வதில்லை. அதிலுள்ள அசிட்டிக் அமிலம் பாக்டீரியாவுக்குத் தீனி. தொட்டியில் நைட்ரஜன் மிஞ்சிக் கிடக்கிறது, கார்பன்தான் பற்றாக்குறை. கார்பன் கிடைத்ததும் பாக்டீரியா மளமளவென்று பெருகி, நைட்ரேட்டையும் கொஞ்சம் பாஸ்பேட்டையும் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். அந்த பாக்டீரியாவை ஸ்கிம்மர் (காற்றுக் குமிழியால் கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) நுரையோடு அள்ளி வெளியே தள்ளும். ஒரு பகுதி நைட்ரேட், பாறைக்குள்ளே ஆக்சிஜன் எட்டாத இடங்களில் வாயுவாகிப் போய்விடும். ஆக, ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் வினிகர் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.

தண்ணீர் மாற்றினால் போதாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 48% புரதம் உள்ள உலர் தீனி 1 கிராமில் இருக்கும் நைட்ரஜன் முழுக்க நைட்ரேட்டாக மாறினால் சுமார் 340 மில்லிகிராம் வரும். நாளுக்கு 1 கிராம் போட்டால், 200 லிட்டர் தொட்டியில் அது நாளொன்றுக்கு 1.7 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), வாரத்துக்கு 12. வாரம் 20% மாற்றினாலும், மாற்றுவதற்கு முன் 60, மாற்றியபின் 48 என்ற இடத்தில்தான் போய் நிற்கும். மீனின் வளர்ச்சிக்கும் ஸ்கிம்மர் கோப்பைக்கும் ஒரு பங்கு போவதால் நடைமுறையில் இவ்வளவு ஏறாது. பாதி என்று வைத்தாலும் 30க்கும் 24க்கும் நடுவே ஊசலாடும். கோமாளி மீன் மட்டும் இருக்கும் தொட்டிக்கு இது பரவாயில்லை. பவளத் தொட்டிக்கு 2 முதல் 10 வரை வைப்பது நல்லது.

அளவுக்கு வருவோம். பாறையும் மணலும் பிடிக்கும் இடத்தைக் கழித்து, சம்ப்பில் (கீழே வைக்கும் துணைத் தொட்டி) உள்ளதையும் சேர்த்து, உண்மையில் இருக்கும் தண்ணீரைக் கணக்கிடுங்கள். 200 லிட்டருக்கு, 5% வினிகர் நாளுக்கு 2 மி.லி. என்று தொடங்கலாம். வாரம் ஒருமுறை 2 மி.லி. கூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். லேபிளில் 4% என்று இருந்தால் கால் பங்கு கூடுதல். நிறம் சேர்த்தது, ஆப்பிள் வினிகர் இரண்டும் ஆகாது. ஊற்றுவது காலையில், விளக்கு எரியத் தொடங்கியபின். இரவில் ஆக்சிஜனும் பிஎச்சும் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். ஸ்கிம்மர் தண்ணீர் இழுக்கும் பக்கமாக, சம்ப்பில் விடுங்கள்.

முதல் இரண்டு மூன்று வாரம் எண் அசையாமல் நிற்கும். பொறுமை போய் அளவை இரட்டிப்பாக்குவது இந்தக் கட்டத்தில்தான். மறுநாள் தண்ணீர் மோர் கலந்ததுபோல் ஆகிவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். உடனே வினிகரை நிறுத்தி, காற்றுக்கல் போட்டு, ஸ்கிம்மரை ஓடவிடுங்கள். நைட்ரேட் இறங்க ஆரம்பித்ததும் அளவை ஏற்றுவதை நிறுத்துங்கள். 10க்கு வந்ததும் பாதிக்குப் பக்கத்தில் குறைத்து, அதுவே நிரந்தர அளவு. 20 மி.லி. தாண்டியும் இறங்கவில்லை என்றால் கோளாறு தீனியில் இருக்கிறது. இல்லையேல் பாஸ்பேட் பூஜ்ஜியமாகியிருக்கும். பாஸ்பேட் இல்லாமல் பாக்டீரியா வளராது, நைட்ரேட் அப்படியே உட்கார்ந்திருக்கும். 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை பாஸ்பேட் இருக்கட்டும். பாஸ்பேட் உறிஞ்சும் மீடியாவை (வடிகட்டிப் பொருள்) வினிகரோடு சேர்த்து ஓட்டுவது தானே குழி வெட்டுவது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்ஜியமானால் குமிழி தொங்கும் பழுப்புச் சளியாக டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) வரும். அதை விரட்டுவதற்குப் பழைய நைட்ரேட்டே மேல்.

ஆல்கலினிட்டியை (அமிலத்தைத் தாங்கும் தண்ணீரின் திறன்; டிகேஎச் அதன் அலகு) 7 முதல் 8.5 டிகேஎச்சுக்குள் நிறுத்துங்கள். சத்துக் குறைந்த தண்ணீரில் 10, 11 என்று வைத்தால் அக்ரோபோரா பவளத்தின் நுனி வெளுத்துக் கருகும்.

நம் ஊரில் முக்கியமான இன்னொன்று மின்வெட்டு. வினிகரைத் தானாக விடும் டோசிங் பம்ப் இன்வெர்ட்டரிலும் ஸ்கிம்மர் நேரடி லைனிலும் இருந்தால், மின்சாரம் போன நேரத்தில் வினிகர் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் சரிய அது போதும். இரண்டும் ஒரே லைனில் இருக்கட்டும். டோசிங் குழாயின் நுனி தண்ணீருக்கு மேலே நிற்கட்டும். முங்கினால் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி வெள்ளைப் பிசின் கட்டி அடைத்துவிடும்.

அளக்கும்போதும் ஏமாறலாம். ஏபிஐ நைட்ரேட் சோதனைக் கிட்டின் இரண்டாம் பாட்டிலை 30 விநாடி பலமாகக் குலுக்காவிட்டால் எண் குறைவாகக் காட்டும். சாலிஃபெர்ட் கிட்டில் நிறம் வெளிறினால் பக்கவாட்டில் பார்த்து, வரும் எண்ணை 10ஆல் வகுக்க வேண்டும். சில கிட்டுகள் நைட்ரேட்டை நைட்ரஜன் கணக்கில் தரும்; அதை 4.43ஆல் பெருக்குங்கள். நைட்ரைட் (நைட்ரேட்டாக மாறுவதற்கு முந்தைய நிலை) இருக்கும் புதுத் தொட்டியில் நைட்ரேட் எண்ணை நம்ப வேண்டாம்.

ஊற்றும் தண்ணீரையும் ஒருமுறை சோதியுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட்டை இந்தியத் தரநிலையே அனுமதிக்கிறது. சமையலறை ஆர்ஓவில் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) கன்ட்ரோலர் இருந்தால் வடிகட்டாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்துதான் கொடுக்கும். அதை முழுக்க மூடி, பின்னால் மிச்ச உப்பையும் உறிஞ்சும் டிஐ ரெசின் வைத்து, டிடிஎஸ் 0 வந்தபின் உப்பைக் கலக்குங்கள்.

பயோபெல்லட்டும் (பாக்டீரியா தின்னும் பிளாஸ்டிக் மணிகள்) கார்பன் வழிதான், ஆனால் தண்ணீர் ஓடும் ரியாக்டர் குழலில் உருண்டுகொண்டே இருக்க வேண்டும். கட்டியானால் அழுகிய முட்டை நாற்றம். நைட்ரேட்டை உறிஞ்சும் கீட்டோ பாசி பாதுகாப்பானது, மெதுவானது, விளக்குச் செலவு தனி. கார்பனுக்காகச் சர்க்கரை போட வேண்டாம். பில்டர் சாக்கை (தண்ணீரை வடிகட்டும் துணிப் பை) மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுவது இது எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை.

வினிகரை விட்டுவிட நினைத்தால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். வாரத்துக்கு 2 மி.லி. வீதம் குறைத்து, ஒவ்வொரு முறையும் குறைக்கும் முன் நைட்ரேட்டை அளந்துகொள்ளுங்கள்.