நாய் அரிப்புக்கு ஓக்ளாசிடினிப்: சில வருடம் கொடுத்துப் பார்த்த அனுபவம்

நாய்க்கு அலர்ஜி மாத்திரை கொடுத்தால் கேன்சர் வருமாமே, கொடுக்கலாமா என்று கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எங்கள் நாய் ஜூலிக்குச் சில வருடமாக ஓக்ளாசிடினிப் என்ற அலர்ஜி மாத்திரை கொடுத்து வருவது அவர்களுக்குத் தெரியும். தேவைப்படும் நாய்க்குக் கொடுக்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் நம் ஊர்ப்பக்கம், முதல் மாத்திரைக்கு முன்னால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். கேன்சர் பயத்தைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஜூலி வெளிர் மஞ்சள் நிற லாப்ரடார், எடை 30 கிலோவை ஒட்டி. வீடு காவேரிப்பட்டணத்துக்குப் பக்கம், மாந்தோப்பு ஓரம். பின்னால் மாட்டுக் கொட்டகை. மழை பெய்து ஓய்ந்தால் வேலி ஓரமெல்லாம் பார்த்தீனியம் பூத்து நிற்கும். இரண்டு வயதுவாக்கில் பாதத்தை நக்க ஆரம்பித்தாள். எல்லா நாயும் நக்கும்தானே என்று யாருக்கும் தோன்றும். விரல் இடுக்கை விரித்துப் பார்த்தால்தான் தெரியும்: வெளுத்த முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருக்கும். எச்சில் ஊறி ஊறி ஏறும் கறை அது. அதற்குக் கீழே தோல் சிவந்து, தொட்டால் சூடாக இருக்கும். அப்புறம் காது. உள்ளே பழுப்பு அழுக்கு, பக்கத்தில் போனாலே புளித்த மாவு வாடை. அக்குள், அடிவயிறு, தொடை இடுக்கு என்று பரவியது. இரவில் வீடு அடங்கிய பிறகு நக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். அவளும் தூங்க மாட்டாள், நாங்களும் தூங்க மாட்டோம். மருந்தின் ஆபத்தைப் பேசும்போது இந்த இரவுகளை ஒதுக்கிவிட்டுப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓயாத அரிப்பு ஒரு வதை. சொறிந்து புண்ணாகி, அதில் கிருமி சேர்ந்தால் அதுவே தனி நோய்.

ஊரில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். வேப்பெண்ணெய், மஞ்சள் வரை சரி, பெரிய கெடுதல் இல்லை. ஆனால் வண்டியில் இருந்து வடித்த பழைய என்ஜின் ஆயிலைப் பூசச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து பூசாதீர்கள். தோல் வெந்துபோகும், நாய் நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தைக் கலக்கி ஊற்றுவதும், மாட்டு ஊசியை அளவு குத்துமதிப்பாகப் போடுவதும் அதே ரகம்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டால், "இது மனுசங்களுக்குக் குடுக்கறதுதாங்கக்கா, நாய்க்கும் ஒத்துக்கும்" என்று செட்ரிசின் எடுத்து நீட்டுவார்கள். வெறும் செட்ரிசின் என்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை. கொஞ்சம் தூக்கம் வரலாம். நாயின் தோல் அரிப்புக்குப் பலன் மிகக் குறைவு என்பதுதான் அதன் குறை. செட்ரிசின் தடுப்பது ஹிஸ்டமின் என்ற பொருளை. மனிதர்களுக்கு அது செய்யும் வேலையை நாயின் அரிப்பில் பெரும்பாலும் வேறு பொருட்கள் செய்கின்றன. ஜூலிக்கு அது கொடுத்ததில் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே பெயரில் பாதி ஒத்துப்போகும் சளி மாத்திரைகளில் பாராசிட்டமால், மூக்கடைப்பு மருந்து எல்லாம் சேர்ந்திருக்கும். அவை நாய்க்கு விஷமாகலாம். சிரப் என்றால் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது நாயின் ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். அட்டையின் பின்பக்கம் உள்ள பொடி எழுத்தைப் படிக்காமல் எதையும் வாயில் போடக் கூடாது.

அடுத்தது ஸ்டீராய்டு. ப்ரெட்னிசோலோன் கொடுத்ததும் அரிப்பு சட்டென்று நின்றது. விலையும் மலிவு, எங்கேயும் கிடைக்கும். நம் பக்கம் நாய் அரிப்பு என்றாலே இதுதான் போகிறது. சில நாளுக்கு, தீவிரமான அரிப்பை அடக்க, இது நல்ல மருந்து. இதைப் பேயாகப் பார்க்க வேண்டாம். ஆனால் தட்டுத் தட்டாகத் தண்ணீர் குடித்தாள், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போனாள், எந்நேரமும் பசி, எந்நேரமும் மூச்சிரைப்பு. மாதக்கணக்கில் தொடர்ந்தால் தசை கரையும், வயிறு தொங்கும், தோல் மெலியும், சிறுநீர்த் தொற்றும் சர்க்கரை நோயும் வர வழி திறக்கும். நீண்ட நாள் கொடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. வெளியில் இருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும், அதனால் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். கால் வலிக்கு மெலாக்சிகாம் போன்ற வலி மாத்திரை ஓடும்போது இதையும் சேர்த்துக் கொடுத்தால் இரைப்பை, குடலில் புண்ணாகி ரத்தம் கசியலாம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இந்த நிலையில்தான் ஓசூரில் ஒரு டாக்டரிடம் போனோம். ஊர்க் கால்நடை மருந்தகத்தில் மாடும் ஆடும்தான் வரிசையில் நிற்கும், நாய்க்குத் தோல் பார்க்கவும் ரத்தம் பார்க்கவும் நாங்கள் ஓசூர்தான் போக வேண்டியிருந்தது. அவர் ஓக்ளாசிடினிப் பற்றிச் சொன்னார், ஆனால் உடனே எழுதிக் கொடுக்கவில்லை. "மொதல்ல ரத்தம் பாத்துடலாங்க. உண்ணிக் காய்ச்சல் உள்ள ஒளிஞ்சிருந்தா இது அதை மூடிடும்" என்றார். நன்றாகத் தின்று, வால் ஆட்டிக்கொண்டு இருந்த நாய்க்குக் காய்ச்சலா என்று எங்களுக்கு ஆச்சரியம். பார்த்தால் பிளேட்லெட் குறைவு, உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமிக்குப் பாசிட்டிவ்.

இங்கேதான் நம் ஊர்ச் சூழல் முக்கியமாகிறது. நாயை ஒட்டும் பழுப்பு உண்ணி வீட்டுச் சுவர் வெடிப்பிலும் கொட்டகையிலும் முட்டையிட்டுப் பெருகும். அது பரப்பும் எர்லிக்கியா கிருமி, முதல் காய்ச்சல் தணிந்த பிறகு மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில், வெளியே தெரியாமல் உடம்பிலேயே தங்கும். பேபீசியா என்று இன்னொன்று, அது ரத்தச் சிவப்பணுவையே உடைக்கும். இப்படி ஒரு நாய்க்கு எதிர்ப்புச் சக்தியை இறக்கும் மருந்தை மேலே போட்டால் என்ன ஆகும்? அரிப்பு நிற்கும், நாய் தேறிவிட்டது போல இருக்கும், உள்ளே நோய் முற்றும். ஸ்டீராய்டு இதில் இன்னும் ஏமாற்றும்: பசியைக் கூட்டும், பிளேட்லெட் எண்ணிக்கையையும் தற்காலிகமாக ஏற்றிக் காட்டலாம். கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவிப் பார்த்து ஒன்றுமில்லை என்றாலும் முழு நிம்மதி கிடையாது. கிருமி குறைவாக இருந்தால் அதில் படாது. பிளேட்லெட் எண்ணிக்கை, கிட் டெஸ்ட், தேவைப்பட்டால் கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் வரை கேட்டு வாங்குங்கள். ஜூலிக்கு டாக்ஸிசைக்ளின் 28 நாள் முழுதாக ஓடியது. பிளேட்லெட் ஏறி நின்ற பிறகுதான் அலர்ஜி மாத்திரை பேச்சையே எடுத்தார்.

நடுவில் உணவுச் சோதனையும் நடந்தது. பிறந்ததில் இருந்து கோழி, சோறு, தயிர், ராகிக் களி என்று தின்றவள். அவை எல்லாவற்றையும் நிறுத்தி, அதுவரை தின்னாத இரண்டு மட்டும்: முள் எடுத்து வேகவைத்த கே.ஆர்.பி. அணை மீன், சர்க்கரைவள்ளிக் கிழங்கு. குறைந்தது 8 வாரம் வேறு எதுவும் வாயில் படக் கூடாது. சமைப்பதைவிட, டீ நேரத்தில் மாமியார் பொறை போடுவதை நிறுத்துவதுதான் பெரிய காரியமாக இருந்தது. "வாயில்லா ஜீவன், ஒண்ணே ஒண்ணு தின்னா என்னாயிடும்" என்பார். பொறையில் கோதுமை இருக்கிறது அத்தை, ஒன்று தின்றாலும் முதலில் இருந்து எண்ண வேண்டும் என்று விளக்கிய பிறகு அவரே காவலுக்கு நின்றார். அரிப்பு குறையவில்லை. ஆக, உணவு காரணமில்லை. தூசிப் பூச்சி, மகரந்தம் மாதிரி சுற்றுப்புறத்தில் இருந்து வரும் ஒவ்வாமை என்று முடிவானது.

இனி மாத்திரைக்கு வருகிறேன். ஓக்ளாசிடினிப்புக்கு அமெரிக்காவில் 2013-ல் அனுமதி கிடைத்தது. கடையில் விற்கும் பெயரான அப்போகெல் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அரிப்புச் செய்தியை நரம்புக்குக் கொண்டுபோகும் இன்டர்லூகின்-31 முதலியவற்றின் வேலையை, ஜேக் என்ற நொதியைத் தடுத்து நிறுத்துகிறது. அளவு கிலோவுக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம். முதல் 14 நாள் வரை இரண்டு வேளை, பிறகு ஒரு வேளை. ஜூலி எடைக்கு 16 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. கொடுத்த முதல் இரவே வீட்டில் நக்கும் சத்தம் இல்லை. தண்ணீர்த் தாகம், அகோரப் பசி இரண்டும் வரவில்லை. இரண்டு வேளையில் இருந்து ஒரு வேளைக்கு மாறியபோது அரிப்பு கொஞ்சம் திரும்பியது. பல நாய்களுக்கு இப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. அளவைக் கூட்டாமல், வாரம் ஒரு முறை குளோர்ஹெக்சிடின் ஷாம்பூ, வெளியே போய் வந்தால் ஈரத்துணியால் பாதம் துடைப்பது என்று சேர்த்ததில் சில வாரத்தில் அடங்கியது. ஷாம்பூ நுரையை 10 நிமிடம் உடம்பிலேயே ஊறவிட வேண்டும், அதுதான் வேலை செய்யும்.

குறை இல்லாமல் இல்லை. விலைதான் முதல் அடி. ப்ரெட்னிசோலோனோடு ஒப்பிடவே முடியாது. அப்புறம் ஒரு மழைக்காலத்தில் காதுத் தொற்று வந்தது, தனியாக மருந்து விட வேண்டியிருந்தது. தோல், காது, சிறுநீர்த் தொற்றுகள் இந்த மாத்திரையில் வரக்கூடியவைதான். டெமோடெக்ஸ் என்ற தோல் பூச்சியால் வரும் சொறி கிளம்பலாம் என்பதும் எச்சரிக்கையில் இருக்கிறது. இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் நாய், சினை நாய், பால் கொடுக்கும் நாய், கடுமையான தொற்று உள்ள நாய் ஆகியவற்றுக்குக் கூடாது.

கேன்சர் விஷயத்தை மூடி மறைக்க விரும்பவில்லை. ஏற்கெனவே இருக்கும் கட்டியை இந்த மருந்து மோசமாக்கலாம் என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. அதே நேரம், ஒவ்வாமை உள்ள 660 நாய்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2020-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இதை நீண்ட நாள் தின்ற நாய்களுக்கும் தின்னாதவற்றுக்கும் புற்றுக்கட்டி வருவதில் குறிப்பிடும்படியான வேறுபாடு தென்படவில்லை. பழைய பதிவுகளைப் புரட்டிச் செய்த ஆய்வு என்பதால் அதை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் "வருமாமே" என்ற பேச்சை நம்பி, நாயை மாதக்கணக்கில் ஸ்டீராய்டில் வைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பயம் இருந்தால் கையால் தேடுங்கள். மாதம் ஒரு முறை ஜூலியைப் படுக்கவைத்து, கழுத்தில் தொடங்கி மடிக்காம்பு, தொடை இடுக்கு வரை விரலால் தடவிப் பார்ப்போம். அப்படித்தான் விலா ஓரத்தில் மெத்தென்று ஒரு கட்டி தட்டுப்பட்டது. டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்த்தார், கொழுப்புக் கட்டி. லாப்ரடாரில் சாதாரணம். தலை போகும் கவலையோடு காத்திருந்த எங்களுக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது. மாத்திரை தொடர்கிறது, கட்டியின் அளவைக் குறித்து வைத்திருக்கிறோம்.

உண்ணியைத் தடுக்காமல் இந்த மாத்திரையைத் தொடர்வதில் அர்த்தமில்லை. மென்று தின்னும் உண்ணி மாத்திரைகளுக்கும் எச்சரிக்கை உண்டு: ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் வகை மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2018-ல் அறிவித்தது. வலிப்பு வந்த சரித்திரம் உள்ள நாய் என்றால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஜூலிக்கு அது இல்லை, அதனால் கொடுக்கிறோம். கூடவே கொட்டகைச் சுவர் வெடிப்புகளை சிமெண்ட் வைத்து அடைத்தோம்.

ஒரு நோட்டில் அரிப்புக்கு 10-க்கு எத்தனை என்று மார்க் போட்டு, எடை, காது, மலம் என்று எழுதி வருகிறோம். டாக்டர் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். அதைப் பார்த்துத்தான், பார்த்தீனியம் காய்ந்து கிடக்கும் கோடையில் மாத்திரையை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். ஷாம்பூவிலேயே ஓட்டிவிட்டோம், மழை தொடங்கியதும் திரும்ப ஆரம்பித்தோம். முழு ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை இரண்டும் இடைவெளி விடாமல் போகின்றன. இவற்றுக்கு ஆகும் செலவையும் மாத்திரை விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

வீட்டில் இருப்பது ஒரு வயது நிரம்பாத குட்டி என்றால் இந்த மாத்திரையைக் கேட்கவே வேண்டாம். 12 மாதத்துக்குக் குறைந்த நாய்க்கு இது அனுமதிக்கப்படவில்லை. அந்த வயதில் அரிப்பு வந்தால் முதலில் தோலைச் சுரண்டிப் பார்த்துச் சொறிப்பூச்சி இருக்கிறதா என்று உறுதி செய்யச் சொல்லுங்கள். ஓசூரிலும் பிடிபடாத தோல் பிரச்சினை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு, பழைய சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.