கயிறா, ஊசியா? பதின்பருவப் பிள்ளைகளுக்கு எதை முதலில் பார்ப்பது

என் அக்கா மகளுக்குப் பதின்மூன்று வயதில் பின்கழுத்து கறுக்க ஆரம்பித்தது. அக்கா அதை அழுக்கு என்றே நினைத்தாள். பயத்தமாவு, எலுமிச்சைத் தோல், கடைசியில் பீர்க்கங்கூடு என்று தேய்த்துத் தேய்த்து, தோல் சிவந்து எரிந்ததுதான் மிச்சம். ஒரு வருடம் கழித்து, காய்ச்சலுக்காகப் போன இடத்தில் டாக்டர் அந்தக் கழுத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டில் யாருக்குச் சர்க்கரை?" என்று கேட்டார். என் அம்மாவுக்கு இருக்கிறது. அக்காவுக்குக் கர்ப்ப காலத்தில் இருந்தது. மறுநாள் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் பிள்ளைக்குச் சர்க்கரை 108; 100க்குக் கீழே இருக்க வேண்டியது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கழுத்திலும் அக்குளிலும் இப்படிக் கறுப்புப் படரும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த ஒரு வருடத்துக்குள் அவள் பள்ளியில் முகாமும் நடந்திருக்கிறது. உயரம், எடை எடுத்து, அட்டையில் 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது என் மகன் படிக்கும் பள்ளியில் நான் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இதயம், சர்க்கரை, கொழுப்பு சம்பந்தமான பரிசோதனை செய்யலாம் என்று பேச்சு வந்தபோது மூன்று யோசனை சொன்னார்கள். ஒன்று, வழக்கம்போல எடை, உயரம் மட்டும். இன்னொன்று, லேப் ஆட்களை வரவழைத்து எல்லாருக்கும் ரத்தம் எடுப்பது. மூன்றாவது, எல்லாரையும் டேப், பிரஷர் கருவி, நாலு கேள்வி இவற்றால் சலித்துவிட்டு, தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் ரத்தம் பார்ப்பது. நான் மூன்றாவது யோசனையின் பக்கம்.

இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2016 முதல் 2018 வரை நாடு முழுக்க நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில் உடல் பருத்தவர்கள் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேர். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் சுமார் ஐந்து பேர். ஆனால் சர்க்கரை நோயின் முன்நிலையில் இருந்தவர்கள் பத்துப் பேர். குண்டான பிள்ளைகளைவிடச் சர்க்கரை ஏறத் தொடங்கிய பிள்ளைகள் அதிகம். எடையை மட்டும் நம்பினால் யாரை விட்டுவிடுவோம் என்பது இதிலேயே தெரிகிறது.

எடையை உயரத்தோடு சேர்த்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. நம் உடம்புக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. புணேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் பிரிட்டனின் டாக்டர் யூட்கினும் 2004இல் தங்கள் இருவர் படத்தையும் அருகருகே வைத்து லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான்: 22.3. யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம் வீடுகளில் கை கால் குச்சியாக, வயிறு மட்டும் தள்ளிய பிள்ளைகளை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில், பெரியவர்களின் பி.எம்.ஐ. 23க்கும் (அதிக எடை) 27க்கும் (உடல் பருமன்) சமமான கோடுகளைப் பிள்ளைகளுக்கு வைத்ததும் இதனால்தான். எடை எடுப்பதாக இருந்தால் அந்த அட்டவணையை வைத்துப் பாருங்கள். அது இல்லாமல் 'நார்மல்' என்று எழுதுவதில் அர்த்தமில்லை.

அதைவிட எளிமையானது இடுப்புச் சுற்றளவு. உயரத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான். டேப் இல்லையென்றாலும் பரவாயில்லை. பிள்ளையின் உயரத்துக்கு ஒரு கயிற்றை வெட்டி, இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றுங்கள். முனைகள் சேர்ந்தால் சரி, சேராவிட்டால் கவனிக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, இறுக்காமல் சுற்ற வேண்டும். பாவாடை நாடா கட்டும் இடம் பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கும், அங்கே அளந்தால் தப்பாகிவிடும். அரைஞாண் கயிறு இறுக்குகிறது, மாற்று என்று என் பாட்டி சொல்வார். கயிற்றால் உடம்பைக் கணிப்பது நமக்குப் புதிதல்ல.

எல்லாருக்கும் ரத்தம் என்ற யோசனையை நான் சட்டென்று ஒதுக்கவில்லை. பரம்பரையாக வரும் அதிக ரத்தக் கொழுப்பு (கொலஸ்ட்ரால்) என்று ஒரு கோளாறு உண்டு. சுமார் 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருக்கும். பிள்ளை ஒல்லியாக, ஓடியாடிக்கொண்டிருக்கும். கயிறும் காட்டாது, எடையும் காட்டாது. ரத்தம் மட்டும்தான் காட்டும். இதற்காகவே ஸ்லோவேனியாவில் 1995 முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் கொலஸ்ட்ரால் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 2011இல் வந்த வழிகாட்டுதல், 9 முதல் 11 வயதுக்குள் ஒரு முறையும், 17 முதல் 21க்குள் ஒரு முறையும் எல்லாருக்கும் பார்க்கச் சொன்னது.

நடுவில் 12 முதல் 16 வரை ஏன் விட்டார்கள்? பூப்பெய்தும் பருவத்தில் கொலஸ்ட்ரால் தானாகவே கொஞ்சம் இறங்கும். அப்போது எடுத்தால், உண்மையில் அதிகம் உள்ள பிள்ளைக்குக்கூடச் சரியாக இருப்பதுபோலக் காட்டலாம். நம் பள்ளியில் லேப் கேட்டது எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளை, அதாவது சரியாக அந்த இடைவெளி வயதை! கொழுப்புக்காக எல்லாரையும் குத்துவதாக இருந்தால் ஐந்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ செய்யலாம். அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழுவோ 2023இல், எல்லாப் பிள்ளைகளுக்கும் கொழுப்புப் பரிசோதனை நல்லதா கெட்டதா என்று சொல்லப் போதுமான சான்று இல்லை என்று அறிவித்துவிட்டது. நிபுணர்களே ஒத்துப்போகாத இடம் இது.

சர்க்கரைக்கு லேப் பரிந்துரைத்தது மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி. வெறும் வயிறு வேண்டாம், எந்த நேரமும் எடுக்கலாம் என்பதால் முகாமுக்கு வசதி. ஆனால் இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் இந்த அளவு பொய்யாக ஏறிக் காட்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் பார்க்காமல் இதை மட்டும் எடுத்தால், இரும்புச்சத்து வேண்டிய பிள்ளைக்குச் சர்க்கரைப் பயத்தைக் கொடுத்து அனுப்புவோம். வெறும் வயிற்றுச் சர்க்கரை இந்த விஷயத்தில் மேல். 100க்குக் கீழே சரி, 126ஐத் தொட்டால் நோயாக இருக்கலாம், மறுபடி எடுத்து உறுதிசெய்ய வேண்டும். அதன் குறை வேறு: ஏழு மணி பஸ்ஸில் வரும் பிள்ளை ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வரும், கேட்டால் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லும். இன்னொன்று, இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளுக்குமே இன்சுலின் கொஞ்சம் மந்தமாகத்தான் வேலை செய்யும். லேசாக ஏறிய சர்க்கரை பலருக்குப் பருவம் கடந்ததும் இறங்கிவிடும். ஒரே ஒரு ரிசல்ட்டை வைத்து முத்திரை குத்திவிடக் கூடாது.

ஜப்பானில் 1992 முதல் பள்ளிகளில் சிறுநீரில் சர்க்கரை பார்க்கிறார்கள். ஊசியே கிடையாது. ஆனால் ரத்தத்தில் சுமார் 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் தெரியும். என் அக்கா மகளை அது கண்டுபிடித்திருக்காது.

பிரஷர் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை, எல்லாருக்கும் பார்க்கலாம். 13 வயதுக்கு மேல் 120/80க்குள் இருக்க வேண்டும். 130/80ஐத் தொட்டால் அது உயர் ரத்த அழுத்தம், ஆனால் தனித்தனி நாளில் மூன்று முறை பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்லலாம். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் கூடுதலாகவே காட்டும். அதனால் இரண்டு மூன்று அளவில் பட்டை வேண்டும். மாடிப்படி ஏறி ஓடி வந்த பிள்ளையை ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள்.

நான் மிகவும் வலியுறுத்துவது கேள்விகளைத்தான். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியில் யாருக்குச் சர்க்கரை? ஐம்பது, ஐம்பத்தைந்து வயதுக்குள் யாருக்காவது மாரடைப்பு வந்ததா? பிறக்கும்போது எடை குறைவா? பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததா? கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2007இல் முடிவு செய்தது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள்தான் இன்று நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பதில் பல அம்மாக்களின் பழைய கர்ப்பகால அட்டையில் இருக்கும், பீரோவில் தேடினால் போதும்.

கயிறு சேரவில்லை, கழுத்து கறுப்பு, பிரஷர் அதிகம், குடும்பத்தில் இருக்கிறது, இவற்றில் ஏதாவது இருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, ஹீமோகுளோபின் மூன்றும் பார்க்கலாம். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால், மற்ற எதுவும் இல்லாவிட்டாலும் கொழுப்பு பார்த்தே ஆக வேண்டும். தண்ணீர் தாகம் தாங்காமல், இரவில் பல முறை எழுந்து போய், எடையும் இறங்குகிற பிள்ளைக்கு முகாமெல்லாம் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அளப்பதைத் திரை போட்டு ஒவ்வொருவராகச் செய்ய வேண்டும், எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, முடிவை உறையில் போட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று வாரம் கழித்து, டாக்டரிடம் போகாத வீடுகளுக்கு வகுப்பாசிரியர் ஒரு போன் செய்ய வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.