மூன்று சர்வர், ஒரே ஸ்டோரேஜ்: என்எஃப்எஸ்ஸா, ஐஸ்கஸியா, செஃப்பா?

மூன்று சர்வர் வாங்கி, மெய்நிகர் கணினிகளை (விஎம்) நடத்தும் புராக்ஸ்மாக்ஸ் மென்பொருளைப் போட்டு, கிளஸ்டராகக் கோர்த்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு சர்வர் படுத்தால் அதில் ஓடிய விஎம்களை இன்னொன்று எடுத்து நடத்த வேண்டும். அதற்கு அவற்றின் டிஸ்க் எல்லா சர்வருக்கும் எட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும். என்எஃப்எஸ், ஐஸ்கஸி, செஃப் மூன்றில் எதைப் போடலாம் என்று யாரைக் கேட்டாலும் முதலில் வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் வேகத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். ஸ்டோரேஜ் நின்றுபோனால் விஎம்களுக்கு என்ன ஆகும், அதை நிமிர்த்த நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்குப் பதில் தெரிந்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

மூன்றும் தருவது ஒரே பொருள் இல்லை. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த என்எஃப்எஸ் கோப்புகளைத் தருகிறது. எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே என்று கணக்கு வைக்கும் கோப்பு முறைமை ஸ்டோரேஜ் பெட்டியிடமே இருக்கும். யார் எங்கே எழுதலாம் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். 2004இல் தரப்படுத்தப்பட்ட ஐஸ்கஸி வெறும் பிளாக்குகளைத் தருகிறது. கேபிள் வழியாக வந்த டிஸ்க்கை சர்வர் தன் சொந்த டிஸ்க் என்றே நம்பிக்கொள்ளும். செஃப்புக்குத் தனிப் பெட்டியே கிடையாது. சாண்டா குரூஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் செய்த முனைவர் பட்ட ஆய்வில் பிறந்தது அது. ஒவ்வொரு சர்வரிலும் இருக்கும் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே பூலாக்கி, எதையும் மூன்று பிரதியாக வெவ்வேறு சர்வரில் வைக்கும்.

ஐஸ்கஸியில் புதிதாக இறங்குபவர்கள் மாட்டிக்கொள்வது அந்த 'சொந்த டிஸ்க்' நம்பிக்கையில்தான். ஒரே எல்யூஎன்னை (ஐஸ்கஸி தரும் டிஸ்க்கை) இரண்டு சர்வரில் இணைத்து, இரண்டிலும் லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4 ஆக மவுண்ட் செய்தால், வழக்கமான அமைப்பில் எந்த எச்சரிக்கையும் வராது. முதல் சர்வரில் ஒரு கோப்பை உருவாக்கிவிட்டு இரண்டாவதில் தேடினால் இருக்காது. அது தன் கேஷில் உள்ள பழைய டைரக்டரியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குள் அதே பிளாக்கைக் காலி என்று நினைத்து அதுவும் எழுதியிருக்கும். ஒரே மனைக்கு இரண்டு பேருக்குப் பத்திரம் பதிந்த கதைதான். ஒருமுறை ரீபூட் செய்து, கோப்பு முறைமையைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே ஓடும்போதுதான் சேதம் தெரியும். இதற்கு ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் கோப்பு முறைமை வேண்டும். விஎம்வேர்காரர்களுக்கு விஎம்எஃப்எஸ் இருக்கிறது. புராக்ஸ்மாக்ஸ் வேறு வழியில் தப்பிக்கிறது: எல்யூஎன் மேல், டிஸ்க்கைத் துண்டுகளாகப் (வால்யூம்) பிரித்துத் தரும் எல்விஎம் போட்டு, டிஸ்க் ஒன்றுக்கு ஒரு வால்யூம் ஒதுக்கி, ஒரு விஎம் ஒரு நேரத்தில் ஒரு சர்வரில் மட்டும் ஓடும்படி பார்த்துக்கொள்கிறது. ஆனால் இப்படிப் பகிர்ந்த எல்விஎம்மில் தின் புரொவிஷனிங் (எழுத எழுத மட்டும் இடம் ஒதுக்குவது) கிடையாது. டிஸ்க்கின் அந்நேர நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதியும் 2025இல் வந்த 9ஆம் பதிப்பில்தான், அதுவும் முன்னோட்டமாக, எட்டிப் பார்த்தது.

இனி, பெட்டி நின்றால் என்ன ஆகும்?

என்எஃப்எஸ்ஸை ஹார்ட் மவுண்டாக (பதில் வரும்வரை விடாமல் காத்திருக்கும்படி) வைத்திருந்தால் எல்லாம் உறைந்து நிற்கும். டிஸ்க்கில் மீதி இடம் பார்க்கும் டிஎஃப் கட்டளையை அடித்தால் திரும்பி வராது. லோடு ஆவரேஜ் எகிறும், சிபியு மட்டும் சும்மா கிடக்கும். டிஸ்க்குக்குக் காத்திருக்கும் புரோசஸ்களையும் லினக்ஸ் லோடில் சேர்ப்பதால் வரும் வேடிக்கை இது. பார்க்கப் பயமாக இருந்தாலும், பெட்டி எழுந்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து எல்லாம் தொடரும். இந்தத் தொங்கலுக்குப் பயந்து சாஃப்ட் மவுண்டுக்கு மாறுபவர்கள் உண்டு. அதில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு எழுத்துப் பிழை அப்ளிகேஷனுக்கே போய்விடும். அப்ளிகேஷன் அதைக் கவனிக்காமல் விட்டால் தரவு ஓசையில்லாமல் கெடும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஆவணத்திலேயே என்எஃப்எஸ் என்றால் ஹார்ட் மவுண்ட் வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஐஸ்கஸி அவ்வளவு பொறுமைசாலி அல்ல. லினக்ஸின் ஓப்பன்-ஐஸ்கஸி, அறுந்த இணைப்புக்கு இயல்பாக 120 விநாடி காத்திருக்கும். அதற்கு மேல் பிழைதான். உள்ளே ஓடும் டெபியன் விஎம் உடனே தன் ரூட்டை (முதன்மைக் கோப்பு முறைமையை) ரீட்-ஒன்லியாக மாற்றிக்கொள்ளும். ஆக, ஸ்டோரேஜ் பெட்டி ரீபூட் ஆக ஐந்து நிமிடம் எடுத்தால், என்எஃப்எஸ்ஸில் விஎம்கள் தாமாக எழுந்துவிடும். ஐஸ்கஸியில் ஒவ்வொன்றாகப் போய்த் தட்டி எழுப்ப வேண்டும். ஒரே டிஸ்க்குக்குப் பல பாதை வைக்கும் மல்டிபாத்தில் இதை மாற்றலாம், ஆனால் தெரிந்து மாற்ற வேண்டும். இரட்டை கன்ட்ரோலர், இரண்டு ஸ்விட்ச் என்று எல்லாம் ஜோடியாக இருக்கும் இடத்தில்தான் ஐஸ்கஸியின் மவுசு தெரியும்.

செஃப்பில் ஒரு சர்வர் போனால் மற்ற இரண்டும் வேலையைத் தொடரும். வழக்கமான அமைப்பு மூன்று பிரதி, குறைந்தது இரண்டு. இன்னொன்றும் போனால் எழுத்து, வாசிப்பு இரண்டும் நிற்கும். ஒற்றைப் பிரதியை நம்பி எழுத வேண்டாம் என்று வேண்டுமென்றே வைத்த பூட்டு அது.

அதற்கான விலையைக் கணக்குப் போட்டால்தான் உறைக்கும். சர்வருக்கு நான்கு 2 டிபி டிஸ்க் என்றால் மொத்தம் 24 டிபி. மூன்று பிரதி போக 8 டிபி. அதையும் முழுக்க நிரப்ப முடியாது. மூன்றே சர்வர் இருப்பதால் ஒவ்வொன்றிலும் எல்லாவற்றின் பிரதியும் இருக்கும். ஒரு டிஸ்க் செத்தால் அதிலிருந்ததை அதே சர்வரின் மீதி மூன்று டிஸ்க்குகள்தான் வாங்க வேண்டும். அந்த 6 டிபியும் செஃப் எச்சரிக்கும் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றால், கைக்கு வருவது 5.1 டிபி. அதே 12 டிஸ்க்கை ஒரு என்எஃப்எஸ் பெட்டியில், இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் மிரர்களாக (ஒன்றின் பிரதி இன்னொன்றில் இருக்கும் ஜோடிகளாக) போட்டால் 12 டிபி. இதோடு செஃப்பில் ஒவ்வொரு டிஸ்க்கையும் கவனிக்க ஓஎஸ்டி என்ற புரோசஸ் ஒன்று ஓடும். அதன் இயல்பான நினைவக இலக்கு 4 ஜிபி. சர்வருக்கு 16 ஜிபி ரேமை விஎம்களிடமிருந்து பிடுங்கிக் கொடுக்க வேண்டும்.

வேகம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1 ஜிகாபிட் கேபிளில் மூன்றுமே நொடிக்கு 125 எம்பிக்குள்தான். என்எஃப்எஸ் அதில் ஒப்பேற்றிவிடும். செஃப் எழுத்து ஒவ்வொன்றும் முதன்மை ஓஎஸ்டிக்குப் போய், அங்கிருந்து மற்ற இரண்டுக்கும் போய், எல்லோரும் சரி என்ற பிறகே முடிந்ததாகும். அதனால் 10 ஜிகாபிட்டுக்குக் குறைந்து செஃப் பக்கமே போகாதீர்கள். மின்வெட்டுப் பாதுகாப்பு இல்லாத மலிவு எஸ்எஸ்டிகள் செஃப்பிலும் தவழும், ஒழுங்காக சிங்க்கில் (டிஸ்க்கில் எழுதிய பிறகே பதில் சொல்லும்படி) வைத்த என்எஃப்எஸ்ஸிலும் தவழும். என்எஃப்எஸ்ஸில் ஏசிங்க் போட்டால் பறக்கும்தான். டிஸ்க்கில் எழுதுமுன்பே எழுதியாயிற்று என்று சொன்னால் ஏன் பறக்காது? கரன்ட் போனால் தெரியும் சங்கதி.

செஃப் போலவே பல சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்க்கும் கிளஸ்டர்எஃப்எஸ் (GlusterFS) எங்கே என்று கேட்பீர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி இணைந்து உருவாக்கியது என்பதால் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. ஆனால் ரெட் ஹேட் தன் ஆதரவை 2024 இறுதியோடு முடித்துக்கொண்டது. புராக்ஸ்மாக்ஸ் 9இலும் அது இல்லை. புதிதாகத் தொடங்குபவர் அதைத் தொட வேண்டாம்.

என் தேர்வு இது. இரட்டை கன்ட்ரோலர் ஸ்டோரேஜ் ஏற்கெனவே கையில் இருந்தால் ஐஸ்கஸி; அதற்காகப் புதிதாக வாங்கத் தேவையில்லை. ஸ்டோரேஜ் ஐந்து நிமிடம்கூட நிற்கக்கூடாது, செஃப்பின் எச்சரிக்கைகளைப் படித்துப் புரிந்துகொள்ள இருவராவது உண்டு, நான்காவது சர்வருக்கும் பணம் உண்டு என்றால் செஃப். நான்காவது இருந்தால்தான் ஒன்று போனபின் மூன்றாம் பிரதி திரும்ப உருவாக இடம் கிடைக்கும். மற்ற எல்லோருக்கும் என்எஃப்எஸ். நான்காவது சர்வருக்கு ஒதுக்கும் பணத்தில் இரண்டாவது என்எஃப்எஸ் பெட்டி வாங்கி, கால் மணிக்கொருமுறை இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டை அதற்கு அனுப்பிக்கொண்டிருங்கள். முதல் பெட்டி அடியோடு போனாலும் இழப்பது கடைசிக் கால் மணி நேர வேலைதான். ஸ்டோரேஜுக்குத் தனி விஎல்ஏஎன் (ஸ்விட்ச்சில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) ஒதுக்க மறக்க வேண்டாம். வழக்கமான என்எஃப்எஸ் ஐபி முகவரியைப் பார்த்தே ஆளை நம்பிவிடும்.