கசிந்த பற்றரிக்கு ஒரு மாடிப்படிக் கடை

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குச் சனம் போவது போன் கவருக்கும் சார்ஜருக்கும்தான். அதே தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, பெயர்ப்பலகைகூட இல்லாமல், பழைய ரேடியோவும் டோர்ச்சும் திருத்துகிற கடை ஒன்று இருக்கிறது. பற்றரி கசிந்து செத்துப்போன சாமான் ஏதாவது உங்கள் வீட்டில் கிடந்தால் அங்கே கொண்டுபோங்கள். காசு கொஞ்சம் கூட, இடம் ஒடுக்கம், பில் கிடையாது. ஆனாலும் போங்கள்.

நான் கொண்டுபோனது அம்மாவின் கைரேடியோ. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நேரம் வாங்கியது. இருட்டுக்குள் இருந்து தென்றல் வானொலி கேட்பார். கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கியதும் ரேடியோ பற்றரியோடு அப்படியே அலுமாரிக்குள் போய்விட்டது. அண்மையில் வெளியே எடுத்தால் பற்றரி மூடி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. நெம்பித் திறந்து பார்த்தால் ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு, அதன் ஓரமெல்லாம் பிசுபிசுவென்று ஈரம், பக்கத்துத் தகட்டில் மயில்துத்தம் மாதிரி நீலப் பச்சை.

ஏ.எல். (உயர்தர) பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பிக்கிறவள் என்பதால் அந்தப் பொருக்கு என்னவென்று எனக்குத் தெரியும். அல்கலைன் பற்றரிக்குள் இருப்பது பொட்டாசியம் ஐதரொட்சைட்டு, கடும் காரம். பற்றரி தீர்ந்துபோய்க் கிடக்கும்போது உள்ளே ஐதரசன் வாயு சேர்ந்து அமுக்கம் கூடும். கடைசியில் எதிர்முனைப் (மைனஸ்) பக்கத்து சீல், ஸ்பிரிங்கைத் தொடுகிற பக்கம், விட்டுக்கொடுக்கும். அதனால்தான் பெரும்பாலும் ஸ்பிரிங் பக்கமே அடிவாங்குகிறது. வெளியே வந்த காரம் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு சேர்ந்து பொட்டாசியம் காபனேற்று ஆகிறது. அதுதான் அந்த வெள்ளை. அது ஈரத்தை இழுக்கிற சாமான். வெள்ளவத்தைக் கடற்காற்றில் அது காய்ந்து கிடக்க வழியே இல்லை, கரைந்து கரைந்து உள்ளுக்குள் ஊரும்.

முதலில் வேறொரு கடையில்தான் கொடுத்தோம். அவர்கள் சாண்ட் பேப்பரால் தேய்த்துப் பளபளவென்று தந்தார்கள். கொஞ்ச நாள் பாடியது. அப்புறம் கரகரத்தது, சத்தத்தைக் கூட்டினால் நின்றது. தேய்த்ததில் ஸ்பிரிங்கின் நிக்கல் பூச்சு போய், இரும்பு வெளியே தெரிந்து கறள் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

மாடிப்படிக் கடை நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ரேடியோவைக் கையில் வாங்கவில்லை. முதலில் "போட்ட பற்றரி எங்க தங்கச்சி?" என்றுதான் கேட்டார். நல்லகாலம், பையில் சுற்றி வைத்திருந்தேன். எழுத்தைப் பார்த்துவிட்டு, "இது அல்கலைன், வினாகிரிதான் சரி. மலிவுப் பற்றரி எண்டா அப்பச்சோடா" என்றார். இதற்கு ஒரு சமன்பாடும் அவருக்குத் தெரியாது, ஆனால் விடை சரி. மலிவான சிங்-காபன் பற்றரிக்குள் இருப்பது அமோனியம் குளோரைட்டும் சிங் குளோரைட்டும், அது அமிலப் பக்கம். இரண்டுக்கும் ஒரே மருந்து என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

அவர் வேலை செய்வதை ஸ்டூலில் இருந்து பார்த்தேன். கையுறை, ஒரு பக்கம் நூலால் கட்டிய கண்ணாடி. ரேடியோவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு சீவிய ஈர்க்கால், மறுபடி பூத்திருந்த பொருக்கைச் சுரண்டினார், தூள் உள்ளே விழாமல் கீழே விரித்த பத்திரிகையில் விழுந்தது. இரும்பால் சுரண்டினால் மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும். பிறகு காதுக்குச்சியை வினாகிரியில் தொட்டு, பிழிந்து, வைத்தார். சுர்ரென்று நுரைத்தது. குச்சியை மாற்றி மாற்றி, நுரை நிற்கும்வரை. நுரை நின்றால் காபனேற்று முடிந்தது என்று அர்த்தம். என் வகுப்பில் இதற்கு நிறம் மாறும் காட்டி (இன்டிகேட்டர்) வைப்பார்கள், இவர் கண்ணாலேயே பார்த்து நிறுத்துகிறார். கடைசியில் ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்தார். வினாகிரியும் அமிலம்தானே, அதை அப்படியே விட்டால் அது தன் பங்குக்குத் தகட்டைத் தின்னும்.

நிறையப் பேர் இத்தோடு மூடியைப் போட்டுத் தந்துவிடுவார்கள். நானா ஆணிகளைக் கழற்றினார். ஸ்பிரிங்கின் பின்பக்கத்திலிருந்து போர்டுக்குப் போகிற கறுப்பு வயரைப் பிடித்து, பிளேட்டால் மேல்தோலை நீளத்துக்குக் கீறி விரித்துக் காட்டினார். உள்ளே செம்பு நிறமே இல்லை, கரி மாதிரிக் கறுப்பு. காரம் வயரின் உறைக்குள்ளாலேயே ஊர்ந்து போயிருக்கிறது. சூடு வைத்தும் ஈயம் அதில் ஒட்டாமல் உருண்டு விழுந்தது. "வெளியில பளபளண்டுதான் இருக்கும், உள்ளுக்குப் பாருங்க" என்றார். முந்தைய கடையின் வேலை ஏன் நிற்கவில்லை என்பது அந்த வயரில்தான் இருந்தது. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டினார், கடைசியில் முழு வயரையே மாற்றிவிட்டார். ஸ்பிரிங்கும் புதிது, அதாவது எந்தக் குழந்தையின் விளையாட்டுக் காரிலிருந்தோ கழற்றியது.

மீட்டர் பிடித்த விதமும் பிடித்தது. வெறுமனே மீட்டரை வைத்தால் கெட்டுப்போன தொடுப்பும் முழு வோல்ற்றைக் காட்டும், ஏனென்றால் மீட்டர் மின்னோட்டம் எடுப்பதே இல்லை என்று சொல்லலாம். இவர் ரேடியோவைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிவிட்டு, போர்டில் வைத்துப் பார்த்தார். பற்றரிப் பக்கம் 3.1 இருந்ததற்கு அங்கேயும் கிட்டத்தட்ட அதேதான். பக்கத்தில் ஒரு கொண்டாக்ட் ஸ்பிரே இருந்தது. அதைக் கேட்டதற்கு, வோல்யூம் திருகும்போது வரும் கரகரப்புக்கு மட்டும்தான், பற்றரிப் பெட்டிக்கு அடிக்கமாட்டேன் என்றார். வினாகிரி செய்கிற வேலையை ஸ்பிரே செய்யாது.

1500 ரூபா எடுத்தார். இன்னும் கொஞ்சம் போட்டால் புதுச் சின்ன ரேடியோ ஒன்று வாங்கலாம், அம்மாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள் பார்ப்போம்.

குறைகளும் உண்டு. வயர் மாற்ற விட்டுவிட்டு வந்த ரேடியோ சொன்ன நாளில் கிடைக்கவில்லை, கேட்க ஒரு நம்பரும் தரமாட்டார். திருத்தியதற்கு உத்தரவாதம் வாய்ச்சொல்தான். பிரஷர் பார்க்கும் மெஷினைத் தொடமாட்டார், அது நியாயம். கசிந்த பற்றரிகளைக் கடைக் குப்பையோடு சேர்த்துப் போடுகிறார், அதை நேரிலேயே சொல்லிவிட்டு வந்தேன், சிரித்தார்.

டீவீ ரிமோட்டைக் கொண்டுபோனால் வாங்காமல் திருப்பி அனுப்புவார். அதை வீட்டிலேயே செய்யலாம், முறை மேலே சொன்னதுதான். கையில் பட்டால் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள், வினாகிரி ஊற்ற வேண்டாம். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு நேரே டாக்டரிடம். வீங்கிப்போன போன் பற்றரிக்கு இது எதுவும் பொருந்தாது, அதைக் குத்தாமல் கீறாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

100ஆம் நம்பர் பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய் நடக்கலாம், வாகனம் கொண்டுபோனால் நிறுத்த இடம் தேடியே அரைநாள் போகும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் பூட்டு, ஞாயிறும் பூட்டு. பழைய பற்றரியை எறிந்துவிடாமல் கையுறை போட்டு ஒரு பையில் சுற்றிக் கொண்டுபோங்கள், அதைப் பார்க்காமல் நானா வேலையைத் தொடங்கமாட்டார்.