பெட்டி ஃப்ரீசரா, நிமிர்ந்த ஃப்ரீசரா?

ஞாயிற்றுக்கிழமைக் கறியும் தூத்துக்குடி உறவினர்கள் கொண்டுவரும் மீனும் ஃப்ரிட்ஜின் ஐஸ் அறையில் அடங்காததால், தனி ஃப்ரீசர் வாங்க முடிவு செய்தோம். மேல்மூடியைத் தூக்கித் திறக்கும் பெட்டி வகை, பீரோ போல முன்கதவு கொண்ட ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை என்று இரண்டு இருந்தன. நாங்கள் வாங்கியது பெட்டி. ஆகவே இந்த அலசலும் அதன் பக்கமே சாய்ந்திருக்கும்.

நிமிர்ந்த வகை இடத்தை அடைக்காது, தட்டுகளில் தேடுவதும் எளிது. பெட்டி வகை, அதே கொள்ளளவுக்குப் பெரும்பாலும் விலை குறைவு.

குளிர்விக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே. கம்ப்ரசர் அழுத்திச் சூடாக்கிய வாயு, வெளிக்குழாய்களில் வெப்பத்தை விட்டுத் திரவமாகி, பிறகு உள்குழாய்களில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. 1930களில் பரவிய ஆர்-12 வாயு ஓசோன் படலத்தை அரிப்பது தெரிந்து, 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் படிப்படியாகக் கைவிடப்பட்டது. அடுத்து ஆர்-134ஏ வந்தது, இன்றைய வீட்டுக் கருவிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் எனும் ஆர்-600ஏ இருக்கிறது. அது தீப்பற்றக்கூடியது என்பதால், கேஸ் நிரப்ப வரும் மெக்கானிக் அதில் பழகியவரா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது மின்தடை. துணை மின்நிலையப் பராமரிப்பு நாளில் காலையில் போகும் கரண்ட் மாலையில்தான் வருகிறது. ஃப்ரீசரை இன்வெர்ட்டரில் ஓட்டுவதும் எல்லா வீட்டிலும் நடக்கிற காரியமன்று. குளிர்காற்று கனமானது என்பதால், முன்கதவைத் திறந்தவுடன் அது கீழ்வழியாக வெளியே வழிந்துவிடுகிறது. பெட்டியின் மூடியைத் தூக்கினால் பெரும்பகுதி உள்ளேயே தங்குகிறது. நிறைந்த ஃப்ரீசர் மூடியே இருந்தால் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும் என்று அமெரிக்க உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல் சொல்கிறது. சித்திரை வெயிலில் அந்தக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. காலியிடத்தில் தண்ணீர் பாட்டில்களை, கழுத்துவரை நிரப்பாமல் அடுக்கிவைத்தால் குளிர் நீடிக்கும்.

கறியின் பதமும் இதோடு சேர்ந்ததே. ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகையில் படியும் ஐஸைக் கரைக்க ஒரு ஹீட்டர் அவ்வப்போது இயங்குவதால் உள்வெப்பம் சற்று ஏறி இறங்குகிறது, மின்விசிறிக் காற்றும் சரியாகக் கட்டாத பொருளை உலர்த்துகிறது. வெப்பம் ஏறி இறங்க இறங்க இறைச்சிக்குள் ஐஸ் படிகங்கள் பெரிதாகின்றன; கரைக்கும்போது சாறு அதிகமாக வடிகிறது. பெட்டியில் மைனஸ் 18 டிகிரி ஓரளவு நிலையாக நிற்கிறது.

இதற்கு விலையாக ஐஸை நாமேதான் கரைக்க வேண்டும். ஐப்பசி மழையின் ஈரக்காற்றில் அது சீக்கிரம் படிகிறது. கத்தியால் சுரண்டவே கூடாது. சுவருக்குப் பின்னுள்ள குழாய் துளைபட்டால் கேஸ் போய்விடும், பழுது பார்ப்பதும் கடினம். மேலும், அடியில் கிடக்கும் பொட்டலத்தை எடுக்கக் குனிய வேண்டியிருப்பதால், இடுப்புவலியுள்ள பெரியவர்கள் மட்டுமே புழங்கும் வீட்டுக்கு நிமிர்ந்த வகையையே சொல்வேன். அந்த வகையை உறவினர் வீட்டில்தான் பார்த்திருக்கிறேன் என்பதால், அதன் ஆயுளைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

எதை எடுத்தாலும், பின்புறத் தகட்டில் தட்பவெப்ப வகுப்பு ‘டி’ (T) என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது சுற்றுப்புற வெப்பம் 43 டிகிரி வரை இயங்க வடிவமைக்கப்பட்டது. ‘என்’ (N) வகுப்புக்கு 32 டிகிரிதான் எல்லை, மதுரையில் பங்குனி மாதமே அதைத் தாண்டிவிடும்.