பைல் ஜாக்கெட்: பினாங்குக் கடலுக்கு எந்த வகை சரி?

பைல் ஜாக்கெட் என்பது 3 மில்லிமீட்டர் கண்ணாடியிழைக் கூடு. நாக்கும் பள்ளமுமாகப் பூட்டிக்கொள்ளும் ஓர் இணைப்பு. அரித்துப்போன பாலத்து பைலை, அதாவது கடலடியில் ஊன்றிய தூணை, சுற்றி மாட்டி, இடைவெளியில் குரவுட் (இறுகும் நிரப்புக் கலவை) நிரப்ப வேண்டியது. குரவுட் வார்க்கும் அச்சாகப் பார்த்தால் குறைசொல்ல ஒன்றுமில்லை: கழற்றும் வேலை கிடையாது, துருவேறாது, இரண்டு முக்குளிப்பாளர்கள் கிரேன் இல்லாமலே மாட்டிவிடலாம். துருவை நிறுத்தும் என்று நம்பி வாங்கினால்தான் வம்பு.

பினாங்கில் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் கடல்மட்டம் ஏறக்குறைய 2 மீட்டர் ஏறி இறங்கும். பைல் சிதைவது அந்தப் பட்டையிலும், சற்று மேலே அலை தெறிக்கும் இடத்திலும்தான். அங்கே உப்பும் உண்டு, நனைந்து காய்வதால் ஆக்சிஜனும் உண்டு. எப்போதும் மூழ்கிக் கிடக்கும் பகுதியில் ஆக்சிஜன் பஞ்சம். துரு மெதுவாகவே ஏறும். கூடு மாட்டினாலும் பழைய கான்கிரீட்டில் ஊறிய உப்பின் குளோரைடு எங்கும் போய்விடுவதில்லை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் எஃகுக் கம்பி தொடர்ந்து அரிபடும், வெடிப்பு மட்டும் கண்ணில் படாது. அமெரிக்காவின் புளோரிடாவில் வெறும் ஜாக்கெட்டுகளுக்குள் இப்படித் துரு தொடர்ந்ததைக் கண்டபின்தான் துத்தநாக வலை வைத்த வகை வந்தது. கம்பிக்குப் பதிலாகத் துத்தநாகம் அரிபட்டு, மின்னோட்டம் தந்து அதைக் காக்கும்.

ஆகவே வலை உள்ளதை வாங்குங்கள். வலையின் ஒயரையும் கம்பியின் ஒயரையும் வெளியே ஒரு ஜங்ஷன் பெட்டியில் இணைக்க வேண்டும். நீருக்கடியில் தனியாக ஒரு துத்தநாகக் கட்டியும் வேண்டும். இல்லாவிட்டால் மூழ்கிய பகுதியே வலையின் மின்னோட்டத்தை உறிஞ்சிவிடும். கம்பிகளுக்கிடையே மல்டிமீட்டர் 1 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் மின்தொடர்பு அறுந்திருக்கிறது என்று கொள்ளலாம். இந்த வகைக்கு எபோக்சி (பிசின்) குரவுட் ஆகாது. அது மின்சாரத்தைக் கடத்தாது. சிலிக்கா ஃபியூம் என்ற நுண்தூள் கலந்த சிமெண்ட் குரவுட்டும் மின்தடை கூடியது. 'உயர் ரகம்' என்று யாராவது இவற்றை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஸ்பன் பைலாக (சுழற்றி வார்த்த கான்கிரீட் பைலாக) இருந்தால் கூடுதல் கவனம். உள்ளே குழல், சுவர் மெல்லியது, கம்பிகள் முன்கூட்டியே இழுத்து விறைப்பேற்றியவை. கனத்த பிரேக்கர் கூடாது; தட்டிப் பார்த்துப் பொக்கைச் சத்தம் வரும் இடத்தை மட்டும் எடுக்கவும். ஒயரைக் கம்பியோடு கிளாம்ப் போட்டுப் பிடிக்கலாம், வெல்டிங் செய்தால் சூட்டில் கம்பியின் வலு போய்விடும். பைலில் ஒட்டிய கொட்டலசை (ஓடுள்ள சிறு கடலுயிர்) நீர்ப்பீச்சால் அகற்றுவதைக் கூடு மாட்டுவதற்கு முந்தைய நாளே வைத்துக்கொள்ளுங்கள். அதிக நாள் விட்டால் பாசி திரும்பப் படியும்.

600 மில்லிமீட்டர் பைலுக்கு 50 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் மீட்டருக்கு 102 லிட்டர் குரவுட். உடைத்த பள்ளங்களுக்கு 15 விழுக்காடு சேர்த்தால் 3 மீட்டர் கூட்டுக்கு 350 லிட்டர். அடியில் ஃபோம் அடைப்பு வைத்து முதல் 150 மில்லிமீட்டரை நிரப்பி, அது இறுகியபின் மீதியைக் கீழிருந்து மேலாகப் பம்ப் செய்ய வேண்டும். மேலிருந்து கொட்டினால் சிமெண்ட் கழுவிப்போய் மணல்தான் மிஞ்சும்.

ஓத அட்டவணையைப் பார்க்காமல் பம்ப் வைத்தால் கதை கந்தல். நீர் உயர்ந்திருக்கும்போது அதுவே கூட்டை வெளியிலிருந்து தாங்கும். நீர் இறங்கியதும் 3 மீட்டர் ஈரக் குரவுட்டின் அழுத்தம் அடியில் சுமார் 60 கிலோபாஸ்கல். கூட்டைச் சுற்றி 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் கட்டிய பெல்ட்டுகளில் அடியில் உள்ளதில் 600 கிலோவுக்கு மேல் இழுவை விழும். கூடு உப்பும், இணைப்பு பிளக்கும். ஒன்றரை மீட்டர் வீதம் இரண்டு தவணையாக நிரப்புங்கள். அடிப்பகுதி பெல்ட்டுகளை 150 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நெருக்குங்கள்.

வலை இல்லாத எபோக்சி வகை எஃகு, மர பைல்களுக்குப் பரவாயில்லை. 12 மில்லிமீட்டர் இடைவெளி, மீட்டருக்கு 23 லிட்டர் போதும். டப்பாவில் 20 டிகிரிக்குப் போட்டிருக்கும் வேலைநேரம் நம்மூர் 30 டிகிரியில் ஏறக்குறைய பாதியாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கவும். அடிமண் அரித்து பைல் ஆட்டம் கண்டிருந்தால் இரண்டு வகையுமே வீண்.

கொட்டேஷனில் 'ஜாக்கெட் வேலை, பைலுக்கு இத்தனை ரிங்கிட்' என்று ஒற்றை வரி வந்தால் திருப்பி அனுப்புங்கள். உடைக்கும் பரப்பு, குரவுட் லிட்டர், துத்தநாகத்தின் எடை, மின்னழுத்தச் சோதனை எல்லாம் தனித்தனியே வேண்டும். அந்தச் சோதனையில் துத்தநாக ஒயரைக் கழற்றிய 24 மணி நேரத்துக்குள் கம்பியின் மின்னழுத்தம் குறைந்தது 100 மில்லிவோல்ட் தளர வேண்டும். தளராவிட்டால் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.