ஷ்ரவுடும் அந்த ஒரு போல்ட்டும்

நான் ஏழு வருஷமாக ஓட்டும் அதே மாடல் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் ரேடியேட்டர் ஷ்ரவுடை, அதாவது ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டை, இரண்டாவது தடவையாகக் கழற்றி மாட்டியிருந்தேன். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கீறல். "வாங்காதீங்க" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிட்டேன். அப்புறம் யோசித்தால் அநியாயமாகப் பட்டது, அதனால் கொஞ்சம் விளக்கமாக.

இரண்டு சீட், முன்னால் இன்ஜின், பின்சக்கர இயக்கம், கையால் மாற்றும் கியர். இதெல்லாம் தெரிந்த கதை. ஓட்டுவதில் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை, தேடியும் பார்த்துவிட்டேன்.

தொந்தரவு ஏ.சி.யில் ஆரம்பித்தது. வண்டி ஓடும்போது ஜில்லென்று வரும் காற்று, சிக்னலில் நின்றதும் வெதுவெதுப்பாகிவிடும். அடுத்து ரேடியேட்டர் ஃபேன். சாவியை எடுத்து, கதவைப் பூட்டி, நாலு எட்டு நடந்த பிறகும் பின்னால் 'உய்ய்ய்' என்று கத்திக்கொண்டிருக்கும். டெம்பரேச்சர் முள்ளோ அசையவே இல்லை, நட்டநடுவில் நின்றது. அந்த முள்ளை நம்பாதீர்கள். இன்றைய கார்கள் பலவற்றில் கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், 80 டிகிரி என்றாலும் 105 டிகிரி என்றாலும் அது நடுவிலேயே நிற்கும்படிதான் வைத்திருக்கிறார்கள், ஓட்டுகிறவர் பதறக்கூடாது என்று. காரின் கம்ப்யூட்டரிலிருந்து எண்களைப் படித்துக் காட்டும் ஓபிடி ரீடரைச் சொருகிப் பார்த்தால் உண்மை தெரியும். திறந்த ரோட்டில் 90, நின்றால் 108.

108 என்றதும் கொதித்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலண்டும், 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் மூடியும் சேர்ந்தால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். ஆனால் ஓடும்போது 90, நின்றால் 108 என்றால் விஷயம் காற்றில் இருக்கிறது. வேகத்தில் காற்று தானாக வந்து மோதுகிறது. நின்றால் ஃபேன் இழுப்பதுதான் காற்று, அதை எதுவோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாம் சுத்தம். அங்கேதான் ஏமாந்தேன். முன்னால் தெரிவது ஏ.சி. கண்டென்சர். அதற்குப் பின்னால் விரல்கடை இடைவெளி, அதற்கும் பின்னால் ரேடியேட்டர். காற்று ஓரமாக நழுவிப் போகாமலிருக்கச் சுற்றிலும் ஃபோம் வைத்து அடைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கீழிருந்தும் ஓரத்திலிருந்தும் உள்ளே புகுந்த குப்பைக்கு வெளியே வர வழியில்லை. முதல் தடவை சர்வீஸ் சென்டரில் சொன்னபோது பிரஷர் வாட்டரை முன்பக்கமாக அடித்துவிட்டு "கிளீன் பண்ணியாச்சு சார்" என்றார்கள். குப்பை இன்னும் உள்ளே போனதுதான் மிச்சம். கூடவே கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் உள்ளங்கை அகலத்துக்கு மடங்கிப்போயின. அவை 0.1 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அந்த வேகத்துக்கு எப்படித் தாங்கும்? அன்றே முடிவு செய்தேன், இனி இதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று.

ஷ்ரவுட் என்பது ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரின் முதுகு முழுக்க மூடும் பிளாஸ்டிக் கூடு. அது இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். இந்தக் காரின் கூட்டில் தீப்பெட்டி அகலத்தில் சின்னச் சின்ன ரப்பர் மடல்கள் இருக்கின்றன. வேகத்தில் போகும்போது காற்று அவற்றைத் தள்ளித் திறந்துகொண்டு போகிறது, அதனால் கூடு தடையாக இல்லை. நின்றதும் மடல்கள் மூடிக்கொள்கின்றன, ஃபேன் முழு ரேடியேட்டர் வழியாகவும் இழுக்கிறது. மோட்டார் கிடையாது, சென்சார் கிடையாது. முதல் தடவை கையில் எடுத்தபோது வேலையை மறந்து விரலால் அதைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

அந்த போல்ட்டை யோசித்தவர் அநேகமாக அவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர்.

மேலே இரண்டு போல்ட், கண்ணெதிரே, இரண்டு நிமிஷ வேலை. கீழே வலப்பக்கம் வெறும் கொக்கி. கீழே இடப்பக்கம் மட்டும் கொக்கிக்குப் பதில் ஒரு போல்ட். கீழ் ஹோஸுக்குப் பின்னால், சப்ஃபிரேம் என்ற அடிச்சட்டத்துக்கு ஒட்டினாற்போல. மேலிருந்து தெரியாது. கீழே அண்டர்ட்ரேயைக் கழற்றிப் படுத்தாலும் தெரியாது. விரலுக்கு மட்டும்தான் தெரியும். ராட்செட் தலை நுழையாது. பத்தாம் நம்பர் ஸ்பேனரின் திறந்த வாய் நுழையும், ஆனால் 30 டிகிரிதான் திரும்பும். திருப்பி, எடுத்து, ஸ்பேனரைக் கவிழ்த்துப் போட்டு, மறுபடி 30 டிகிரி. ஒரு முழுச் சுற்றுக்குப் பன்னிரண்டு தடவை. எம்6 போல்ட், சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே வரும், நீளம் 20 மில்லிமீட்டர். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மற்ற வண்டிகளில் நாலு சுற்றுக்குப் பிறகு விரலாலேயே சுற்றி எடுத்துவிடலாம்; இங்கே மரையெல்லாம் மண், கடைசிச் சுற்றுவரை ஸ்பேனர்தான்.

நியாயமாகச் சொன்னால் காரணம் இல்லாமல் இல்லை. மூக்கு தாழ்ந்திருக்க வேண்டும் என்பதற்காக ரேடியேட்டரைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். திருப்பத்தில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டேபிலைசர் பாருக்கு அந்தப் பக்கம் வளைவு வேண்டும், கொக்கிக்கு இடமில்லை. புரிகிறது. படுத்துக்கொண்டு கவிழ்த்துப் போட்டுத் திருப்பும்போது மட்டும் புரியமாட்டேன் என்கிறது.

மற்ற வேலை பெரிய வித்தை அல்ல. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், சாவி இல்லாமலும் ஃபேன் சுற்றும். மேல் ஹோஸ் ஷ்ரவுடுக்குக் குறுக்கே போவதால் கூலண்டைக் கொஞ்சம் இறக்கத்தான் வேண்டும். இறக்கியதை உடனே மூடி வையுங்கள். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிப் பார்க்கும், நக்கினால் பிழைப்பது கஷ்டம். ஃபேன் கனெக்டரின் பூட்டு வெயிலும் சூடும் பட்டு அப்பளமாக இருக்கும். முதல் தடவை உடைத்துவிட்டேன், அன்று முதல் அங்கே ஒரு ஜிப் டை.

ஷ்ரவுட் வெளியே வந்ததும் ரேடியேட்டரின் மேல் பிடிப்புகளைத் தளர்த்திப் பின்னால் சாய்க்கலாம். ஏ.சி. குழாய்களைத் தொடாதீர்கள், கண்டென்சர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். சாய்த்ததும் அந்த விரல்கடை இடைவெளி விரியும். கையை விட்டேன், சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி மாதிரி ஒன்று முழுசாக உரிந்து வந்தது. தூசி, காய்ந்த இலை நரம்பு, பஞ்சு விதைகள், பூச்சிச் சிறகுகள். திருப்பிப் பார்த்தால் அதன் முதுகில் ரேடியேட்டர் தகடுகளின் வரிகள் அச்சடித்தது போல வரிசையாக. இந்தக் கார் எந்தெந்தச் சாலையில் போனதோ அத்தனையும் அதில் இருந்தது. கொஞ்ச நேரம் தூக்கி எறிய மனசு வரவில்லை.

மிச்சத்துக்குச் சாதாரண ஹோஸ் தண்ணீர், வேகம் இல்லாமல், இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னால் பார்த்து. வந்த வழியாகவே திருப்பி அனுப்ப வேண்டும். தகடுகளின் போக்கிலேயே மெல்லிய பிரஷ். தண்ணீர் தெளிவாக வர இருபது நிமிஷம். ஐந்து மணி நேர வேலையில் கழுவுவது இந்த இருபது நிமிஷம்தான். அந்த ஒரு போல்ட் ஒன்றரை மணி நேரம்.

அதை மாட்டாமலே விட்டால் என்ன என்று கேட்பீர்கள். முதல் தடவை விட்டேன். ஃபேன் வேகம் பிடிக்கும்போதெல்லாம் 'ர்ர்ர்' என்று ஓர் அதிர்வு. டேஷ்போர்டில்தான் ஏதோ ஆடுகிறது என்று இரண்டு வாரம் தேடினேன். ஷ்ரவுடின் அந்த மூலைதான். ஆக, போல்ட் தேவைதான். அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதுதான் இன்னும் எரிச்சல். இந்தத் தடவை மரையைத் துடைத்து, கொஞ்சம் காப்பர் கிரீஸ் தடவி மாட்டினேன். பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றைப் பாதியாக அறுத்து, முனையை லேசாக வளைத்தும் வைத்துக்கொண்டேன்.

அதே வகைக் கூலண்ட், டிஸ்டில்டு வாட்டர், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றுக் குமிழி நிற்கும்வரை ஊற்றினேன். ஏ.சி.யைப் போட்டு அரை மணி நேரம் நிற்க வைத்தேன். ரீடரில் 97. ஃபேன் வந்தது, போனது. நின்ற இடத்திலேயே காற்று ஜில். அணைத்தேன். கத்தல் இல்லை, சூடு ஆறும் இரும்பின் 'டிக், டிக்' மட்டும். பழைய வண்டியை இவ்வளவு அமைதியாகக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

சரி, நண்பருக்கு. பார்க்கப் போகும்போது ஓபிடி ரீடர் கொண்டுபோங்கள். ஏ.சி. போட்டு இருபது நிமிஷம் நிறுத்தி எண்ணைப் பாருங்கள், முள்ளைப் பார்க்காதீர்கள். மற்றபடி என் பதில் மாறவில்லை, வாங்காதீர்கள்.

இதை அனுப்பியதும் திரும்ப எழுதியிருக்கிறார், அட்வான்ஸ் கொடுத்தாயிற்றாம், அந்த அறுத்த ஸ்பேனர் ஒரு நாளைக்குக் கிடைக்குமா என்று. ஸ்பேனரைத் தரமாட்டேன். வண்டியைக் கொண்டுவரட்டும், நானே கழற்றுகிறேன்.